மூன்றாவது ‘முடிவாக’

போதகருடைய தகப்பன் வழியில் யாருக்குமே விடைபெற்றுக்கொண்டு கிளம்பத் தெரியாது. அவருடைய பெரிய அத்தை ஒரு வீட்டுக்குப் போனால், “சரி, நான் வரேன்” என்று எழுந்த பிறகுதான் பேச்சு சூடு பிடிக்கும். கூடத்தில் ஒரு ‘வரேன்’, செருப்பு மாட்டும்போது ஒரு ‘வரேன்’, கேட்டின் கொண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு ‘வரேன்’. வழியனுப்ப வந்தவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார்கள். பெரியப்பா ஒருவர் ரயிலேறப் போனார். மைத்துனர் பெட்டியை உள்ளே வைக்க ஏறினார். பெரியப்பா ஜன்னல் வழியாக அவரிடம் கடைசியாக ஒன்று சொல்ல ஆரம்பித்தார். ரயில் கிளம்பிவிட்டது. வழியனுப்ப வந்த மைத்துனர் ரயிலோடு போனார். ஊருக்குப் போக வேண்டியவர் பிளாட்பாரத்தில் நின்று கையசைத்தார்.

அந்த வம்சத்தில் பிறந்த ஒருவரைக் கொண்டுபோய்ப் பிரசங்க மேடையில் ஏற்றினால் என்ன ஆகும்? சபையில் அவருக்கு ‘முடிவாக ஐயா’ என்று பெயர் விழுந்தது. நாற்பதாவது நிமிடத்தில் முதல் முறையாக “முடிவாக” என்பார். புதிதாக வந்தவர்கள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து புத்தகத்தை மூடிவைப்பார்கள். ஐம்பதைத் தாண்டி இரண்டாவது ‘முடிவாக’ வரும். அதற்குச் சிலர் கண் விழிப்பார்கள். ஒரு மணி நேரம் தாண்டி மூன்றாவது வரும்போதுதான் பெண்கள் பெஞ்சுக்கு அடியில் காலால் செருப்பைத் தேடுவார்கள். அதற்கும் மேலே, “இதோடு ஒன்றை மட்டும் சொல்லி” என்று ஒரு வால் உண்டு.

அவருடைய மனைவி தையற்காரி. வீட்டு முன்னறையில் மெஷின் போட்டிருந்தாள். அவள் பிறந்த வீடு நேர் எதிர். அவளுடைய அப்பா அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவர் போனது தெரியாமல் மீதிக் கதையை நாற்காலியிடம் சொல்லி முடித்தவர்கள் உண்டு. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டார் கிளம்ப ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். “இவங்க போகத்தான் போறாங்களா, இல்ல இங்கேயே இருந்துடுவாங்களா?” என்று அவர் மகளிடம் கேட்டாராம். மகள் சிரித்துவிட்டாள். சம்பந்தம் அப்படித்தான் முடிந்தது.

ஆனால் போதகர் நீட்டிப் பேசுவதற்கு வம்சம் மட்டும் காரணமில்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்குவாய். கடையில் போய் ஒரு சோப்புக் கேட்க முடியாது, ‘சோ’விலேயே நிற்கும். விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வருவார். மேடையிலும் முதல் இரண்டு நிமிடம் அந்தப் பாடுதான். சபையார் அந்த நேரத்தில் தொண்டையைக் கனைத்து, குழந்தைகளை அதட்டி, கண்டும் காணாமல் இருப்பார்கள். மூன்றாவது நிமிடத்தில் எங்கோ ஒரு கட்டு அவிழும். பிறகு வார்த்தை மடை திறந்த மாதிரி வரும். வாரத்தில் ஏழு நாளில் அந்த ஒரு மணி நேரம்தான் அவர் மற்ற மனிதரைப் போலப் பேசுவது. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பயம்தான்.

அவள் எத்தனையோ செய்து பார்த்தாள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து இருமினாள். அவர் பேச்சை நிறுத்தி, இருமலால் அவதிப்படும் சகோதரிக்காக ஐந்து நிமிடம் ஜெபித்தார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். மனைவியே கண்கலங்கிவிட்டாளே என்று அவர் உற்சாகமாகி இன்னொரு கிளைக்கதைக்குப் போனார். சபைக் குழு கூடி, மேடைக்கு நேர் எதிர்ச்சுவரில் பெரிய கடிகாரம் ஒன்றை மாட்டியது. அவர் அதைக் கைகாட்டி, காலத்தின் அருமையைப் பற்றி மூன்று வாரம் பேசினார்.

இந்த நிலையில்தான் மனு போனது. எழுதியவர் சபைச் செயலாளரான மருந்துக்கடைக்காரர். சுத்தமான கையெழுத்து, மருந்துச் சீட்டு மாதிரி இல்லை. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: மேற்பார்வையாளர் வருகிற ஞாயிறு நேரில் வந்து கேட்பார்; பிரசங்கம் அரை மணிக்குள் அடங்காவிட்டால் போதகர் தலைமை அலுவலகத்தின் பழைய காகித அறைக்கு மாற்றப்படுவார்.

ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது. காகித அறையில் மேடை கிடையாது. அலமாரிகளிடம் யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மெஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அ… அங்க போனா நான் பே… பே…”

“பேசவே வேண்டியிருக்காது. தெரியுது” என்றாள் அவள். ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். உடனே கோக்க முடியவில்லை. “அழுதுட்டு நிக்காதீங்க. ஆறு நாள் இருக்கு. உட்காருங்க.”

சமையலறை மேசையில் பயிற்சி ஆரம்பமாயிற்று. ஒரு பக்கம் அவர், மறு பக்கம் அவள், நடுவில் அலாரம் கடிகாரம்.

“முதல்ல கடைசி வரி என்னன்னு சொல்லுங்க” என்றாள்.

“அதெப்படி? ஆ… ஆரம்பிக்கவே இல்லையே?”

“நான் சட்டை தைக்கிறேன். நீளம் எவ்வளவுன்னு தெரியாமலா துணியில கத்தரி வைப்பேன்? உங்க துணி தெருக்கோடி வரைக்கும் போகுது. சொல்லுங்க, எங்க மடிச்சுத் தைக்கிறது?”

அவர் யோசித்து ஒரு வரி சொன்னார். “இது முடிவு இல்லீங்க. இதுலேருந்து புதுசா ஒரு கதை கிளம்புது” என்றாள். இன்னொன்று சொன்னார். “இதுல மூணு கேள்வி இருக்கு. கேள்வி கேட்டா நீங்களே பதில் சொல்ல ஆரம்பிச்சுடுவீங்க.” இப்படி வெள்ளிக்கிழமைக்குள் ஏழு கடைசி வரிகள் கழிந்தன. எட்டாவதாக, மாலைச் சூரியன் எல்லார் வீட்டு வாசலுக்கும் வெளிச்சம் தந்துவிட்டுத்தான் இறங்குகிறது என்று ஒன்று தேறியது. அதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி அவர் சட்டைப்பையில் வைத்தாள்.

“இருபத்தஞ்சாவது நிமிஷம் நான் கண்ணாடியைக் கழட்டுவேன். கழட்டினதும் நீங்க எந்தக் காட்டுல இருந்தாலும் சரி, யாரை எங்க நிறுத்தி வெச்சிருந்தாலும் சரி, அப்படியே விட்டுட்டு இந்த அட்டையைப் படிச்சிட்டு இறங்கணும். புரியுதா?”

“க… கண்ணாடியைக் கழட்டினா உனக்கு என் முகம் தெரியாதே.”

“முப்பது வருஷமா பார்க்கிறேன். ஒரு நாள் தெரியலேன்னா ஒண்ணும் ஆகாது.”

ஞாயிற்றுக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். முதல் பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடை மேல் வைத்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, மின்விசிறியைத் திருப்பிவைத்து, ஏற்பாடுகளைக் கவனிக்க வேண்டும் என்று பின்னால் போனார்.

பின்னால் போனவர் அங்கே நிற்கவில்லை. மனுவில் எழுதாத ஒரு விஷயம் இருந்தது. முதல் பாட்டு முடிந்து போதகர் திக்க ஆரம்பித்ததும், கையெழுத்துப் போட்ட பதினோரு பேரும் பக்கவாசல் வழியாக ஒவ்வொருவராக நழுவிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போய்விடுவார்கள். ஆர்கன் வாசிப்பவரும் அதில் ஒருவர். வருடக்கணக்காக இதுதான் பழக்கம். சபையின் வெளிச்சுவரில் ஒரு ஒலிபெருக்கி உண்டு. டீக்கடை வரைக்கும் சத்தம் வரும், சொல் வராது. அவர்களுக்கு அது போதும். சத்தம் ஓடிக்கொண்டிருக்கிறதா, இருக்கிறது. பிரசங்கம் தொடங்கி ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் ஆனதைக் கடைக் கடிகாரத்தில் பார்த்து எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மூன்றாவது ‘முடிவாக’வுக்கும் வாலுக்கும் நடுவில் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

“இன்னிக்காவது உள்ள இருக்கலாமே?” என்றார் ஆர்கன்காரர்.

“அவர் முதல் பெஞ்சுல முன்னாடி பார்த்து உட்கார்ந்திருக்காரு. முதுகுல கண்ணா இருக்கு?” என்றார் மருந்துக்கடைக்காரர். “வாங்க. நாம இருந்து கேட்டாத்தான் நீளுமா? அது தானா நீளும்.”

உள்ளே போதகர் வழக்கம்போல இரண்டு நிமிடம் தவித்தார். மூன்றாவது நிமிடம் கட்டு அவிழ்ந்தது. அன்றைக்குப் பேச எடுத்துக்கொண்டது மனத்தாங்கல். அதற்கு உதாரணமாகத் தன் இரண்டு அத்தைகளை இழுத்துக்கொண்டு வந்தார். பெரிய அத்தையும் சின்ன அத்தையும் தங்கள் அம்மாவின் சாவு வீட்டில் ஏதோ ஒரு சொல்லுக்காகப் பேச்சை விட்டவர்கள். எதிரெதிர் வீடு. பல வருடம் முகம் பார்க்காமல் இருந்தார்கள்.

“ஒரு நாள் பெரியவங்க தங்கச்சி வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க” என்றார் போதகர். “வரட்டுமான்னு கேப்பாங்கன்னு உள்ள இருந்தவங்க காத்திருந்தாங்க. வான்னு சொல்லுவாங்கன்னு வெளிய இருந்தவங்க காத்திருந்தாங்க. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் காத்திருந்துட்டு, பெரியவங்க திரும்பிப் போயிட்டாங்க. நான் அப்ப அந்த வீட்டுலதான் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்துச்சு. யாரும் பூட்டவே இல்லை.”

ஐந்தாவது பெஞ்சில் துணி தேய்ப்பவள் உட்கார்ந்திருந்தாள். அகலமான கை, பேச்சு குறைவு. அவளுக்கு ஒரு அக்கா இருப்பதும், அந்த அக்கா இரண்டு தெரு தள்ளி இருப்பதும், இருவரும் பேசுவதில்லை என்பதும் போதகருக்குத் தெரியாது. அவள் சட்டென்று எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்க, நடுவழியில் இறங்கி யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். மேற்பார்வையாளர் வந்திருக்கும் நாளில் இப்படியா என்று இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

போதகர் அவள் நடையைப் பார்த்தார். பிரசங்கத்தின் நடுவில் எழுந்து போகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கழிப்பறைக்குப் போகிற நடை தெரியும், சலித்துப் போகிற நடையும் தெரியும். இது எங்கோ போய்ச் சேர வேண்டியவளின் நடை. இந்தக் கதையை வைத்துக்கொண்டு அவர் இன்னும் நாற்பது நிமிடம் பேசத் தயாராக இருந்தார். சின்ன அத்தையின் மகன் கல்யாணம் பாக்கி இருந்தது, அதில் ஒரு சமாதானமும் இருந்தது. ஆனால் சொன்னதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒருத்தி கிளம்பிவிட்டாள். இனிமேல் பேசுவதெல்லாம் அவள் முதுகுக்குப் பின்னால் பேசுவதுதான்.

அவர் வாயை மூடினார்.

தையற்காரி திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது. அவள் கண்ணாடியில் கையே வைக்கவில்லை. திக்கல் வந்து நெஞ்சை அடைத்துவிட்டது, மனுஷன் விழப்போகிறார் என்று பாதி எழுந்தேவிட்டாள்.

“அவ்வளவுதான்” என்றார் போதகர், திக்காமல். மேடையை விட்டு இறங்கி வந்து மேற்பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மேற்பார்வையாளர் தொடை மேல் இருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். காதில் வைத்தும் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதினான்கு நிமிடம்.

அடுத்து பாட்டு. எல்லோரும் ஆர்கன் பக்கம் திரும்பினார்கள். பெஞ்சு காலியாக இருந்தது. மணியடிப்பவர் பக்கவாசலுக்கு ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். எல்லோரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சங்கடத்தைத் தாங்க முடியாமல் மேற்பார்வையாளர் எழுந்தார்.

“ஆர்கன்காரர் வர்ற வரைக்கும் ரெண்டே ரெண்டு வார்த்தை” என்று மேடை ஏறினார்.

பாவம், நல்ல மனிதர். தலைமை அலுவலகத்தில் அவருக்கு மேசை உண்டு, மேடை கிடையாது; கடைசியாக ஒரு சபை முன்னால் நின்று எவ்வளவு காலமாயிற்றோ. இரண்டு வார்த்தை நாற்பது நிமிடமாயிற்று. சுருக்கமாகப் பேசுவதன் சிறப்பைப் பற்றித்தான் பேசினார். அதற்கு அவருடைய பள்ளிக்கூட நாட்களிலிருந்து உதாரணம் காட்டினார். “கடைசியாக” என்றார். பிறகு “எல்லாவற்றுக்கும் கடைசியாக” என்றார்.

போதகர் வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மேடைக்குக் கீழே இருந்து கேட்டார். முதல் பெஞ்சில் முதுகு சாய்க்கும் இடத்தில் ஒரு கட்டை துருத்திக்கொண்டிருந்தது. இடது கால் மரத்துப்போயிற்று. ‘இங்க விட்டிருக்கலாம்’ என்று ஓர் இடத்தில் தோன்றியது. அதைத் தாண்டிப் போயிற்று. ‘இங்கேயாவது’ என்று இன்னோர் இடம். அதையும் தாண்டிப் போயிற்று. அப்படி ஐந்து இடங்களை எண்ணினார். ஒவ்வொன்றிலும் தன்னுடைய ஒரு ஞாயிறு ஞாபகம் வந்து, காது மடல் சூடேறியது.

மூன்றாவது பெஞ்சில் தையற்காரி, தன்னை அறியாமல், கண்ணாடியைக் கழற்றினாள். மேற்பார்வையாளர் அதைக் கவனித்தார். ஒரு சகோதரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள் என்று அவருக்குக் குரல் தழுதழுத்தது. இன்னும் பத்து நிமிடம் போயிற்று.

ஒருவழியாக அவர் இறங்கினார். ஆசீர்வாதம் சொல்ல வேண்டியது போதகர் என்பதால் அவர் ஏறிப்போய்க் கையை உயர்த்தி நின்றார். சரியாக அந்த நேரத்தில் பக்கவாசல் திறந்து பதினோரு பேரும் பூனை மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். மேடையில் போதகர் நின்றிருந்தார், எப்போதும் நிற்பதுதானே. ஆர்கன்காரர் மேல்மூச்சு வாங்கக் கட்டையில் கை வைத்தார். மருந்துக்கடைக்காரர் எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிரசங்கம் தொடங்கி ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

சபை கலைந்ததும் அவர் மனுவின் நகலை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு விரைந்தார். மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். போதகர் அங்கியின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். தையற்காரி கதவோரம் நின்றிருந்தாள்.

“நீங்களே கண்ணால பார்த்துட்டீங்க ஐயா” என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர். “நான் வாயால சொல்ல வேண்டியதில்லை.”

“என்ன பார்த்தேன்?”

“நேரத்தைத்தான் ஐயா. ஒரு மணி நேரம் பத்து நிமிஷம்! ஆரம்பத்துல பேசினது நல்லாத்தான் இருந்துச்சு, குறை சொல்லக் கூடாது. ஆனா அந்தப் பின்பாதி இருக்கே…”

போதகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அ… அ… அது…” என்று கையை நீட்டினார். வார்த்தை தொண்டையிலேயே நின்றது.

“நீங்க இருங்க ஐயா, உங்களுக்குப் பேச வேண்டிய நேரம் நிறையக் கொடுத்தாச்சு” என்றார் மருந்துக்கடைக்காரர். “அந்தப் பின்பாதி எதுக்கு ஐயா? சொன்னதையே சொல்லிட்டு! ஒரு சாரம் வேணாமா? பேசுறவருக்குத் தன் குரல் தனக்கே பிடிச்சுப்போனா வர்ற வியாதி இது.”

தையற்காரி இருமினாள். மறுபடியும், பலமாக இருமினாள்.

“நாளைக்குக் கடைக்கு வாங்கம்மா, இதுக்கு ஒரு சிரப் இருக்கு” என்றார் அவர் திரும்பாமலே.

மேற்பார்வையாளர் தம்ளரைக் கீழே வைத்தார். “பின்பாதியை முழுசாக் கேட்டீங்களா?”

“ஒரு வார்த்தை விடாம ஐயா. கடைசி பெஞ்சுல ஆடாம அசையாம உட்கார்ந்து கேட்டேன்.”

“முழுசா?”

“ஆமாங்கய்யா. உண்மையைச் சொன்னா, தண்டனை மாதிரி இருந்துச்சு.”

மேற்பார்வையாளருக்குக் காது நுனி சிவந்துபோயிற்று. மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த மனுவை வாங்கினார். பதினோரு கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நான் கேட்க வேண்டியதைக் கேட்டுட்டேன்” என்றார். “இனிமே இதைப் பத்தி யாரும் எழுத வேண்டாம்.”

மருந்துக்கடைக்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டு, ஜெயித்த முகத்தோடு வெளியே போனார். வாசலில் மணியடிப்பவர்தான் நடந்ததை அவருக்குச் சொன்னது. அவர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டதாகவும், எழுப்பிவிட இரண்டு பேர் தேவைப்பட்டதாகவும் மணியடிப்பவர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் தையற்காரி கேட்டாள்: “ராத்திரி பகலா உட்கார்ந்து கண்டுபிடிச்ச வரி என்னங்க ஆச்சு? அட்டையைத் தொடக்கூட இல்லையே.”

“தே… தேவைப்படலை.”

“என் சூரியனை அப்படியே பாக்கெட்லயே வெச்சுட்டு வந்துட்டீங்க. நான் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எழுந்துட்டேன், தெரியுமா? நிறுத்தினதும் பயமா இல்லையா?”

அவர் அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார். “இருந்துச்சு” என்றார். “அப்புறம் ஒ… ஒண்ணும் ஆகலை.”

எட்டாம் நாள் உத்தரவு வந்தது. ஓய்வு பெறும் வரை போதகர் அதே சபையில் தொடரலாம். பிரசங்க நேரத்துக்கு வரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. கடிதம் நான்கு பக்கம் இருந்தது. முடிவதற்கு முன் இரண்டு இடத்தில் ‘இறுதியாக’ என்று வந்தது.

அதற்குப் பிறகு அவர் திருந்திவிட்டார் என்று சொல்ல முடியாது. ஒரு ஞாயிறு பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கினார். அடுத்த ஞாயிறு பழையபடி ஒரு மணி நேரத்தைத் தாண்டிப் போனார். அன்று யாரும் எதையும் எடுத்துக்கொண்டு கிளம்பியதாக அவருக்குத் தெரியவில்லையாம். அதற்கடுத்த வாரம் முப்பத்தொன்று. ‘முடிவாக’ என்ற சொல் அடியோடு நின்றுபோயிற்று. பேசிக்கொண்டே இருப்பார், யார் முகத்திலோ எதையோ பார்ப்பார், “அவ்வளவுதான்” என்று இறங்கிவிடுவார்.

இதில் பதினோரு பேரின் பாடுதான் திண்டாட்டமாகப் போயிற்று. டீக்கடைக்குப் போக முடியவில்லை. எந்த நிமிடம் இறங்குவார், எந்த நிமிடம் ஆர்கன் பெஞ்சு காலியாகத் தெரியும் என்று எவருக்குத் தெரியும்? வேறு வழியில்லாமல் பக்கவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆரம்பம் முதல் கடைசி வரை உள்ளேயே உட்கார்ந்து, வருடக்கணக்கில் முதல் முறையாகப் பிரசங்கத்தைக் கேட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் கால்சட்டை ஒன்றின் நீளத்தைக் குறைக்க வேண்டும் என்று தையற்காரியிடம் வந்தார். அளவு கொடுத்த பிறகும் போகாமல் மெஷின் பக்கத்தில் நின்றார்.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். முன்னாடியெல்லாம் எவ்வளவு நல்லா இருந்துச்சு. எப்ப முடியும்னு ஒரு கணக்கு இருந்துச்சு.”

“நீங்கதானேய்யா வேண்டாம்னு எழுதினீங்க?”

“எழுதினேன். அதை விடுங்க. நாளைக்கு எவ்வளவு நேரம்னு மட்டும் ஐயாகிட்ட கேட்டுச் சொல்லுங்களேன். சும்மா தோராயமா.”

“அவருக்கே தெரியாதுங்க” என்றாள் அவள். வாயில் குண்டூசி இருந்ததால் சிரிக்க முடியவில்லை. “நீங்க முன்னாடி பெஞ்சுல வந்து உட்காருங்க. உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் அவர் முடிவு பண்ணணும்.”